எரிமலைத் தீவுக்கு போறவங்க கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

பசிபிக் கடல்ல இருக்கற கலாபகோஸ், ஹவாய், இந்தியப் பெருங்கடல்ல இருக்கற ரீயூனியன் மூணும் சுத்திட்டு வந்திருக்கேன், அந்த தைரியத்துலதான் பதில் சொல்றேன்.

கேள்வி: அண்ணா, அங்கல்லாம் புலி, யானை மாதிரி பெருசா ஏதாவது பாக்கலாமா?

இல்லப்பா. நடுக்கடல்ல எரிமலை கக்கி உருவான நிலம் அது, எந்தக் கரையோடவும் ஒட்டினதே இல்ல, பறந்து வந்தது, மிதந்து வந்தது, இவ்ளோதான் அங்க குடியேற முடிஞ்சுது. ஹவாய்க்கு மனுஷன் கால் படறதுக்கு முன்னாடி தானா போய் சேந்த தரைப் பாலூட்டின்னா வௌவால் மட்டும்தான். எரிமலை இருக்கற இந்தோனேசியாவோட சுமத்ரா தீவு வேற கதை, அது ஒரு காலத்துல கண்டத்தோட ஒட்டி இருந்துச்சு, அதான் புலி இருக்கு.

கேள்வி: கலாபகோஸுக்கு அஞ்சு நாள்தான் லீவு, எத விடக்கூடாது?

தீவு எண்ணிக்கைய ஏத்தாதீங்க, பாதி நாள் படகுலயே போயிடும். சாண்டா குரூஸ் தீவோட மலைப்பக்கம் ராட்சத ஆமை, அது போதும் ஒரு நாளைக்கு. கடல் இகுவானான்னு ஒரு பெரிய பல்லி வகை, அத மட்டும் நின்னு பாருங்க, கடல்ல பாசி தின்னுட்டு வந்து கருங்கல்லு மேல கும்பலா வெயில் காயும், திடீர்னு ஒண்ணு தும்மும், மூக்குலேந்து உப்புத்தண்ணி பீச்சும், அது தலை மேலயே விழுந்து காஞ்சு வெள்ளையா படிஞ்சிருக்கும், பாக்க விபூதி பூசின தாத்தா மாதிரியே இருக்கும். மனுஷனப் பாத்து ஓடாது, ஆனா 2 மீட்டர் தள்ளிதான் நிக்கணும், அது ரூல். தீவுகளோட நிலத்துல 97 சதவீதம் தேசியப் பூங்கா, 1959லேந்து, அதனால நிறைய இடத்துக்கு லைசன்ஸ் உள்ள கைடு இல்லாம போக முடியாது. பறக்கத் தெரியாத நீர்க்காகம் பாக்கணும்னா ஃபெர்னாண்டினா தீவு, இல்லன்னா இசபெலா தீவோட மேற்குக் கரை, வேற எங்கயும் கிடையாது. அதுக்கு கப்பல்லயே தங்குற டூர்தான் சரி, அஞ்சு நாள்ல ஆசப்படாதீங்க.

கேள்வி: சார், எந்த மாசம் போலாம்? என்ட்ரி எவ்ளோ?

கலாபகோஸ்ல ஜனவரி டு மே வெக்கை, மழையும் உண்டு, கடல் இதமா இருக்கும். ஜூனுக்கு மேல ஹம்போல்ட்ங்கிற குளிர்ந்த கடல் நீரோட்டத்தால தண்ணி சில்லுனு ஆயிடும், தூறலும் மூட்டமுமா இருக்கும், ஆனா கடல்ல இரை ஜாஸ்தி. எஸ்பான்யோலா தீவுல அல்பட்ராஸ்ங்கிற பெரிய கடல் பறவைய பாக்கணும்னா ஏப்ரல் டு டிசம்பர். வெளிநாட்டுக்காரங்க பெரியவங்களுக்கு 2024 ஆகஸ்ட்லேந்து 200 டாலர், முன்னாடி 100தான்.

கேள்வி: எரிமலை வெடிக்கிறப்போ பக்கத்துல போய் பாக்க முடியுமா ப்ரோ?

ரீயூனியன்ல பித்தோன் டி லா ஃபூர்னேஸ்ங்கிற எரிமலை அடிக்கடி வெடிக்கும், ஆனா வெடிக்கப்போற அறிகுறி தெரிஞ்சதுமே உள்பக்கம் இறங்குற பாதைய மூடிடுவாங்க, விளிம்பு மேலேந்துதான் பாக்கணும். ஹவாய்ல கிலவேயா எரிமலை, அது இருக்கற இடம் 1916லேந்து தேசியப் பூங்கா. சாதா கேன்வாஸ் ஷூ போட்டுட்டு போகாதீங்க, நான் போனேன், சொரசொரன்னு இருக்கற லாவா அடிப்பாகத்த சீவிடுச்சு. அங்கயே நேனேன்னு ஒரு வாத்து மாதிரி பறவை ரோட்டோரமா சாவகாசமா நடக்கும், ஒரு காலத்துல முப்பது சொச்சம்தான் மிச்சம் இருந்துச்சு, கார மெதுவா ஓட்டுங்க, தீனி மட்டும் போடாதீங்க.

கேள்வி: ஞாபகத்துக்கு ஒரு லாவா கல்லு எடுத்துக்கலாமா?

கூடாது, பூங்காவுக்குள்ள சட்டப்படி தப்பு. எடுத்துட்டு போனவங்க பெலேங்கிற எரிமலை தேவதைக்கு பயந்து பார்சல் போட்டு திருப்பி அனுப்பறது தனி கூத்து.

கேள்வி: அந்தமான் பக்கம் பேரன் (Barren) தீவு, அங்க போலாமா?

படகுலேந்து தூரத்துல பாக்கறதோட சரி, கரையில இறங்க விடமாட்டாங்க. 1991ல திரும்ப கக்க ஆரம்பிச்சது, இந்தியாவுல உயிரோட இருக்கற எரிமலை அது ஒண்ணுதான்.

கேள்வி: அண்ணா, ஹவாய்ல ஹலேயகாலா எரிமலைல சூரிய உதயம் தவிர பாக்க என்ன இருக்கு?

வெள்ளிவாள் செடி! பந்து மாதிரி, வெள்ளி ரோமம் போட்ட இலை, பல வருஷம் அப்படியே உக்காந்திருக்கும், ஒரே ஒரு தடவ ஆளுயரத்துக்கு பூத்தண்டு விடும், அதோட செத்துடும். வேர் மேலாப்புலயே ஓடுறதால பக்கத்துல மிதிச்சாலே செடி போச்சு, போட்டோக்காக பாதைய விட்டு இறங்காதீங்க. உதயத்துக்கு முன்பதிவு வேணும், ஸ்வெட்டர் மறக்காதீங்க, 3,000 மீட்டருக்கு மேல, விடியக்காலைல பல்லு கிட்டும்.