ரத்தசோகை: மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் மனைவிக்கு வயது 38. படியேறினால் மூச்சு வாங்குகிறது. யாரும் பார்க்காத நேரத்தில் பச்சரிசியை மென்றுகொண்டே இருக்கிறாள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.8 கிராம் என்று வந்தது. மருத்துவர் தந்த இரும்புச்சத்து மாத்திரையை மூன்று வாரம் சாப்பிட்டாள். மலம் கறுப்பாகப் போனது, மலச்சிக்கலும் ஏற்பட்டது, பயந்து நிறுத்திவிட்டாள். இப்போது பீட்ரூட் சாறும் பேரீச்சம்பழமும் கொடுக்கிறேன். இது போதுமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: போதாது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையக் கூடாது. 7.8 என்ற அளவிலிருந்து மீளவும், தீர்ந்துபோன இருப்பை நிரப்பவும், 50 கிலோ எடையுள்ள பெண்ணின் உடலுக்கு ஏறத்தாழ 1000 மில்லிகிராம் இரும்பு தேவைப்படும். சாதாரணமாக நாள் முழுவதும் உண்ணும் உணவிலிருந்து குடல் உறிஞ்சுவது 1 முதல் 2 மில்லிகிராம்தான். குறைபாடு உள்ளபோது அது சற்றுக் கூடினாலும், இவ்வளவு பெரிய பற்றாக்குறையை உணவால் மட்டும் அடைப்பது கடினம். பீட்ரூட்டின் நிறம்தான் ரத்தத்தைப் போன்றது; அதில் உள்ள இரும்பு சிறிதளவே. முருங்கைக்கீரை, கேழ்வரகு, அசைவம் உண்பவர்களுக்கு ஈரல், சுவரொட்டி ஆகியவை நல்லவை. ஆனால் அவை மாத்திரைக்குத் துணையே தவிர மாற்று அல்ல.

பச்சரிசி மெல்லுவதற்காக அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். அரிசி, சாம்பல், சிலேட்டுக் குச்சி, பனிக்கட்டி ஆகியவற்றின் மீது எழும் அடங்காத ஆசை இந்த நோயின் அறிகுறியாக இருக்கக்கூடும். இரும்புச்சத்து ஏறத் தொடங்கினால் பெரும்பாலும் தானாகவே விலகிவிடும்.

மலம் கறுப்பது, உறிஞ்சப்படாத இரும்பு வெளியேறுவதால்தான். தாரைப் போல ஒட்டும் தன்மையோடு, கடும் நாற்றத்தோடு போனால் மட்டும் அது வயிற்றுக்குள் ரத்தம் கசிவதன் அறிகுறியாக இருக்கலாம் என்பதால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். மலச்சிக்கலுக்காக மருந்தையே கைவிட வேண்டியதில்லை. ஒரு வேளை மாத்திரை சாப்பிட்டதும் ஹெப்சிடின் என்னும் ஹார்மோன் கூடி, ஏறக்குறைய ஒரு நாள் வரை இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது; அதனால் ஒன்றுவிட்டு ஒரு நாள் சாப்பிடும் முறை பலருக்குப் போதுமானதாகவும் வயிற்றுக்கு இதமாகவும் இருக்கிறது. இதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு விழுங்கலாம். காபி, தேநீர், பால், சுண்ணாம்புச்சத்து மாத்திரை ஆகியவற்றுக்கு முன்னும் பின்னும் இடைவெளி விடுங்கள். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள், ஏனெனில் சில மாத்திரைகளே அவர்களின் உயிருக்கு ஆபத்தாகலாம்.

நான்கு வாரத்தில் மறுபரிசோதனை செய்தால் ஹீமோகுளோபின் சுமார் 2 கிராம் கூடியிருக்க வேண்டும். அளவு சரியான பிறகும் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் ஃபெரிட்டின் எனப்படும் இருப்பு நிரம்பும். பலரும் உடம்பு தெம்பானதுமே நிறுத்திவிட்டு, ஓராண்டுக்குள் அதே களைப்போடு திரும்பி வருவது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது.

அதைவிட முக்கியமான கேள்வி, ரத்தம் எங்கே போகிறது என்பது. மாதவிலக்கு ஏழு நாளுக்கு மேல் நீடிக்கிறதா, கட்டிகளாகப் போகிறதா என்று கேட்டறியுங்கள்; கருப்பைக் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் செய்து பார்க்க வேண்டியிருக்கலாம். மூலத்தில் ரத்தம் போவதையும், மூட்டுவலிக்கென்று தொடர்ந்து விழுங்கும் வலி மாத்திரைகளையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் பகுதியில் வெறுங்காலோடு வயலில் இறங்குபவர்களுக்குக் கொக்கிப்புழு தொற்றியிருக்கவும் கூடும். அளவு ஏறும்வரை தண்ணீர்க் குடம் சுமப்பதை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை அவர் உண்ணும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அதையும் மாற்றுங்கள். ஓய்வாக இருக்கும்போதே மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 64, ஹீமோகுளோபின் 9.5. இரும்புச்சத்துக் குறைவு என்றார்கள். மருந்துக்கடையில் டானிக் வாங்கிக் கொடுக்கலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: டானிக்கோடு நிறுத்திவிடாதீர்கள். மாதவிலக்கு இல்லாத ஓர் ஆணுக்கு இரும்பு குறைகிறது என்றால், இரைப்பைப் புண்ணிலோ குடல் புற்றுநோயிலோ ரத்தம் கசிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வயிற்றுவலி இல்லாவிட்டாலும் இரைப்பை, பெருங்குடல் இரண்டையும் எண்டோஸ்கோப்பி, கொலோனோஸ்கோப்பி வழியாகப் பரிசோதிப்பது அவசியம். இந்த மாதமே குடல்நோய் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.