மேடைக்குப் பின்னால் ஒரு மேசை

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்க ஆண்டுவிழா நாடகத்தில் எனக்கு வேடம் இல்லை, மேடைப் பொருள்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். எங்கிருந்து தொடங்குவது? (வாசகி, திருச்சி)

பதில்: வசனப் பிரதியைப் பென்சிலும் கையுமாக ஒருமுறை படித்து, எந்தக் காட்சியில் யார் எந்தப் பொருளை எந்தப் பக்கத்திலிருந்து கொண்டுவருகிறார் என்பதோடு, அதை எங்கே விட்டுவிட்டுப் போகிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பலரும் கோட்டை விடுவது இந்த இரண்டாவதில்தான். 2-ஆம் காட்சியில் இடப்பக்கமாக வெளியே போன கடிதம், 4-ஆம் காட்சியில் வலப்பக்கம் தேவைப்படும்.

இருபுறமும் ஒவ்வொரு மேசை போட்டு, வெள்ளைத்தாள் விரித்து, செம்பு, மூக்குக்கண்ணாடி, சாவிக்கொத்து என ஒவ்வொன்றையும் வைத்து அதன் வெளிக்கோட்டை வரைந்து பெயரெழுதிவிட்டால், எது திரும்பவில்லை என்பது மங்கிய வெளிச்சத்திலும் தெரியும். வெளிச்சம் பார்வையாளர்களின் கண்ணை உறுத்தாமல் இருக்க, டார்ச் விளக்கின் முகத்தில் நீலக் கண்ணாடித்தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். சைடு விங்கில், அதாவது மேடையின் பக்கவாட்டு மறைவில், நிற்கும்போது பார்வையாளர்கள் உங்கள் கண்ணுக்குத் தெரிந்தால், நீங்களும் அவர்களுக்குத் தெரிகிறீர்கள் என்று பொருள்.

ஒலிக்குறிப்புகளை நடிகர்களோடு சேர்த்தே ஒத்திகை பாருங்கள். நான் பொறுப்பேற்ற ஒரு நாடகத்தில், கதாநாயகர் ரிசீவரை எடுத்துப் பேசத் தொடங்கிய பிறகுதான் தொலைபேசி மணி அடித்தது. அந்த நாடகத்தில் ஊராருக்கு இன்றும் நினைவிருப்பது அது ஒன்றுதான்.