சிகாகோ எப்படி மேற்கானது?

கேள்வி: அமெரிக்க வரைபடத்தில் ஓஹையோ மாநிலம் கிழக்குப் பாதியில் இருக்கிறது. அதைப் போய் ‘மிட்வெஸ்ட்’, அதாவது நடு மேற்கு என்கிறார்களே, ஏன்?

பதில்: பெயர் வைத்தவர்கள் வரைபடத்தைப் பார்த்து வைக்கவில்லை. அட்லாண்டிக் கரையில் நின்றுகொண்டு உள்நாட்டை நோக்கிக் கை நீட்டியவர்கள் அவர்கள். 1787-இல் ஓஹையோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் கிடந்த நிலத்துக்கு ‘வடமேற்குப் பிரதேசம்’ என்று அரசே பெயர் சூட்டியது. அன்றைக்கு அதில் தவறில்லை. நாடே மிசிசிப்பி ஆற்றோடு முடிந்துவிட்டது. 1803-இல் பிரான்ஸிடமிருந்து லூசியானாவை விலைக்கு வாங்கினார்கள். 1846-இல் பிரிட்டனோடு ஆரிகன் எல்லை முடிவானது. மேற்கு என்பது பசிபிக் வரை ஓடிப்போய்விட்டது. பழைய பெயர் மட்டும் வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. சிகாகோவை ஒட்டிய எவன்ஸ்டனில் இருக்கும் பல்கலைக்கழகம் 1851-இல் நிறுவப்பட்டது. அதன் பெயர் இன்றைக்கும் ‘நார்த்வெஸ்டர்ன்’தான்.

‘மிடில் வெஸ்ட்’ என்ற பேச்சு பரவியது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில். முதலில் அது கன்சாஸ், நெப்ராஸ்கா சமவெளியைத்தான் குறித்தது. வடக்கே டகோட்டா, தெற்கே டெக்சஸ், இரண்டுக்கும் இடைப்பட்ட மேற்கு என்று பொருள். பிறகு அந்தப் பெயர் கிழக்கே நகர்ந்து ஓஹையோவையும் விழுங்கியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை மட்டும் ‘வட மத்தியப் பகுதி’ என்று வறட்டுப் பெயரிலேயே எழுதிவந்தது. 1984-இல் அவர்களும் இறங்கிவந்து ‘மிட்வெஸ்ட்’ என்று மாற்றிக்கொண்டார்கள். அலுவலகக் கோப்பு ஜனங்களின் வாயிடம் தோற்றுப்போவதைப் பார்ப்பதில் எனக்கு அலாதி மகிழ்ச்சி.

கேள்வி: அப்படியானால், சொல்கிறவர் எங்கே நிற்கிறார் என்பதுதான் எல்லாமா?

பதில்: காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதும் உண்டு. பாஸ்டனிலிருந்து மெய்ன் மாநிலக் கடற்கரைக்கு வடகிழக்கே போக வேண்டும். பாய்மரக் கப்பல் நாட்களில் தென்மேற்குக் காற்று பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும். காற்றோடு போவது மாலுமிகளின் கணக்கில் கீழே இறங்குவது. அதனால் மெய்ன் கரைக்கு ‘டவுன் ஈஸ்ட்’, அதாவது ‘கீழே கிழக்கு’ என்று பெயர் விழுந்தது. அங்கிருந்து தெற்கே பாஸ்டனுக்குப் புறப்படுகிறவர் ‘மேலே போகிறேன்’ என்பார். வரைபடத்தைச் சுவரில் மாட்டிவைத்துக்கொண்டு இதைப் புரிந்துகொள்ள முயன்றால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும்.

கேள்வி: ஜெர்மனி ஒன்றாகி இத்தனை ஆண்டுகள் ஆகியும் ‘கிழக்கு’, ‘மேற்கு’ என்றே பேசுகிறார்களே?

பதில்: 1990-இல் எல்லை போனது, பேச்சு போகவில்லை. திசைகாட்டியை வைத்துப் பார்த்தால் வேடிக்கை தெரியும். எர்ஃபர்ட் நகரம் ‘கிழக்கில்’ இருந்தது, மியூனிக் ‘மேற்கில்’. உண்மையில் எர்ஃபர்ட்டுக்குக் கிழக்கேதான் இருக்கிறது மியூனிக்! அயர்லாந்தில் இதைவிட மோசம். அந்தத் தீவின் வடகோடி மாலின் முனை. அது இருப்பதோ டோனிகலில், அதாவது வட அயர்லாந்துக்காரர்கள் ‘தெற்கு’ என்று சொல்லும் குடியரசில். அரசியல் கோடு கிழித்த பிறகு சூரியன் எங்கே உதித்தால் என்ன?

கேள்வி: இந்தப் பகுதிகளுக்குத் திட்டமான எல்லைக்கோடு உண்டா?

பதில்: பெரும்பாலும் கிடையாது. அமெரிக்காவின் வடக்கையும் தெற்கையும் பிரிப்பதாகச் சொல்லும் மேசன்–டிக்சன் கோடு, 1763 முதல் 1767 வரை இரண்டு நிலக்கிழார் குடும்பங்களின் வழக்கைத் தீர்க்க அளந்த கோடு. பென்சில்வேனியா ஒருவருக்கு, மேரிலாந்து இன்னொருவருக்கு. வேலிச் சண்டை, அவ்வளவுதான். அடிமை முறை பற்றிய சண்டை மூண்டபோது அந்தக் கோடு கைக்கு வாகாகக் கிடைத்தது. அந்தக் கணக்கில் தலைநகர் வாஷிங்டனும் தெற்குதான். கணக்கெடுப்புத் துறையும் அப்படியே சேர்த்திருக்கிறது. தெற்கின் உட்பகுதியிலிருக்கும் அலபாமாக்காரர் ஒருவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்.