டிஜிட்டல் ஓவியத்தில் முதலில் பழக வேண்டியது எது?

டிஜிட்டல் ஓவியம் பழகத் தொடங்குபவர் எந்த வடிவமைப்புக் கோட்பாட்டை முதலில் கற்க வேண்டும், எனக்குப் பிடித்த மென்பொருள் எது என்று கேட்டிருக்கிறீர்கள். சமநிலை, தாளம், விகிதம் எல்லாம் முக்கியந்தான். ஆனால், ஓவியர்கள் 'வேல்யூ' என்று சொல்லும் வெளிர்–அடர் நிலையைத்தான் நான் முதலில் வைப்பேன். அது சரியாக அமைந்துவிட்டால் நிறத்தில் நேரும் பல பிழைகளைக் கண் மன்னித்துவிடும்.

இதை நான் ஒரு படத்தில்தான் உணர்ந்தேன். பச்சைப் புதர்களுக்கு முன்னால் சிவப்புச் சால்வை போர்த்திய ஒரு பெண்ணை இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்திருந்தேன். நெருங்கிப் பார்த்தால் நிறங்கள் பளிச்சென்று இருந்தன. சிறிதாக்கிப் பார்த்தபோதோ சால்வை எங்கே முடிகிறது, இலை எங்கே தொடங்குகிறது என்று பிடிபடவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தாள்கள் போன்ற லேயர்களின் உச்சியில் புதிதாக ஒன்றைச் சேர்த்து, கருப்பால் நிரப்பி, கீழுள்ள லேயர்களோடு அது கலக்கும் விதமான கலப்பு முறையை 'கலர்' என மாற்றியதும் படம் முழுவதும் சாம்பல் நிறமானது. சால்வையும் புதரும் ஒரே சாம்பலாக ஒட்டிக்கிடந்தன. புதரை இரண்டு படி அடர்த்தியாக்கி, தோளின் விளிம்பில் மட்டும் வெளிச்சம் விழச் செய்தேன். அவள் முன்னால் வந்து நின்றாள்.

எல்லா நிறங்களும் நம் கண்ணுக்கு ஒரே அளவு ஒளிர்வதில்லை என்பதே இதற்குக் காரணம். திரைகளுக்கான எஸ்ஆர்ஜிபி என்னும் பொது நிற அளவுமுறையின் கணக்கின்படி வெண்மையின் ஒளிர்வில் பச்சையின் பங்கு ஏறத்தாழ 72 சதவீதம், சிவப்பின் பங்கு 21, நீலத்தின் பங்கு வெறும் 7. அதனால்தான் நிறத்தேர்வுப் பெட்டியில் மஞ்சளையும் நீலத்தையும் முழுச் செறிவில் எடுத்தாலும், மஞ்சள் வெள்ளையை ஒட்டியும் நீலம் கருப்பை ஒட்டியும் நிற்கின்றன. சுவரொட்டியோ இணையப் பக்கமோ வடிவமைப்பவருக்கும் இதே விதிதான்: சாதாரண அளவு எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்று இணைய அணுகல் நெறிமுறை சொல்கிறது.

மென்பொருள்களில் எனக்கு மிகவும் பிடித்தது கிருதா. திறமூல மென்பொருள், வரைபவர்களை மனத்தில் வைத்தே உருவாக்கப்பட்டது. அதில் எம் விசையைத் தட்டினால் கான்வாஸ் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகப் புரண்டு நிற்கும். பழகிப்போன கண்ணுக்குத் தெரியாத கோணல்கள், சாய்ந்த கண்கள், ஒரு பக்கம் கனத்த அமைப்பு எல்லாம் அந்த நொடியில் அகப்பட்டுவிடும். இலச்சினைக்கும் எழுத்துருவ வேலைக்கும் இங்க்ஸ்கேப்புக்குப் போய்விடுவேன், ஏனென்றால் அதிலுள்ள வெக்டர் கோடுகளை, அதாவது பிக்சல்களாக அல்லாமல் கணித வடிவங்களாகப் பதிவாகும் கோடுகளை, எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் உடையாது. பிரஷ்களைத் தேடித் தேடிச் சேர்ப்பதை மட்டும் சில மாதங்களுக்குத் தள்ளிப்போடுங்கள். கடினமான விளிம்புள்ளது ஒன்று, மென்மையானது ஒன்று, இந்த இரண்டே போதும்.

அச்சிடும் எண்ணம் இருந்தால் ஏ4 தாளுக்கு 2480×3508 பிக்சல் கொண்ட கான்வாஸில் தொடங்குங்கள். அதுதான் அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கு. திரையில் மின்னும் பச்சையும் நீலமும் அச்சு மையில் மங்கிவிடக்கூடும் என்பதால், அனுப்புவதற்கு முன் சாம்பல் லேயரை இன்னொரு முறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.