துளிக்குள்ள எவ்ளோ சூடு?

கேள்வி: இன்ஜினுக்குள்ள பீய்ச்சுற எரிபொருள் துளி எவ்ளோ சூடா இருக்குன்னு லேசர் அடிச்சு அளக்குறாங்களாமே, லேசர் பட்டா துளியே சூடாயிடாதா? சூடு அளக்குற கம்பி இருக்குல்ல, தெர்மோகப்பிள், அதுல குட்டியா ஒண்ண உள்ள விட்டா வேலை முடிஞ்சுதே?

பதில்: தெர்மோகப்பிள விடணும்னா முதல்ல துளி நிக்கணுமே. ஸ்ப்ரேல வர்ற துளி பெரும்பாலும் தலைமுடி தடிமன் கூட இருக்காது, பறந்துகிட்டே வேற இருக்கும், எவ்ளோ மெல்லிசு கம்பியா இருந்தாலும் அந்த சைஸுக்கு அது உலக்கை தான், கம்பி வழியா வெளி சூடு உள்ள இறங்கிடும், அப்புறம் நாம பாக்குறது துளியோட சூடா கம்பியோட சூடான்னே தெரியாது. அதனால தொடாம அளந்தா தான் உண்டு.

அதுக்கு எரிபொருள்ல சாயம் கலக்குறாங்க, லிட்டருக்கு சில மில்லிகிராம் தான். எத்தனால்னா ரோடமின் பி. 532 நானோமீட்டர் பச்சை லேசர் பட்டதும் அது ஆரஞ்சு கலர்ல ஒளிரும், சூடு ஏற ஏற மங்கும். ஏன்னா அந்த மூலக்கூறோட ஓரத்துல கை மாதிரி ரெண்டு பகுதி இருக்கு, சூட்டுல அது நல்லா திரும்பி ஆட ஆரம்பிச்சிடும், வாங்குன எனர்ஜிய வெளிச்சமா விடாம ஆட்டத்துலயே கரைச்சிடும். ஒரு டிகிரிக்கு சுமார் 2 சதவீதம் மங்குது. சாயம் இவ்ளோ கம்மிங்கறதால துளி உறிஞ்சுற லேசரும் கொஞ்சம் தான், லேசர் கத்தைய அது மைக்ரோசெகண்டு கணக்குல தாண்டி போயிடும், அதனால பவர அளவா வெச்சா நீங்க சொல்ற பயம் தேவையில்ல.

நிஜ சிக்கல் வேற இடத்துல இருக்கு. துளி ஆவியாகி விட்டம் பாதியாச்சுன்னா கன அளவு எட்டுல ஒரு பங்கு ஆயிடும், ஆனா சாயம் ஆவியாகாது, அது அப்படியே உள்ள தங்கி எட்டு மடங்கு அடர்த்தியாயிடும். இப்ப வெளிச்சம் மாறினா அது சூட்டாலயா, சைஸாலயா, அடர்த்தியாலயா, இல்ல லேசரே கொஞ்சம் ஏறி இறங்குச்சான்னு எப்படி பிரிக்கிறது? இங்க தான் எனக்கு ரொம்ப பிடிச்ச யோசனை வருது. பிரான்ஸ்ல நான்சி நகரத்து ஆய்வாளர்கள் 2001 வாக்குல காட்டுனது: ஒளிர்ற வெளிச்சத்துல ரெண்டு அலைநீளப் பட்டைய, அதாவது ரெண்டு கலர் பகுதிய, தனித்தனியா எடு, ஒண்ணு சூட்டுக்கு வேகமா மங்குறது, இன்னொண்ணு அவ்ளோவா அசையாதது, ரெண்டையும் வகு. சைஸ், அடர்த்தி, லேசர் பவர் எல்லாம் ரெண்டு பட்டையிலயும் ஒரே மாதிரி இருக்கறதால வகுத்ததும் அடிபட்டு போயிடும், மிஞ்சுறது வெப்பநிலை மட்டும். துளி பீய்ச்சி வர்ற நாசில் வாயில, சூடு தெரிஞ்ச இடத்துல ஒரு தடவ அளந்து வெச்சுகிட்டா அதுவே அளவுகோல். டெக்கேன், டோடெக்கேன் மாதிரி எண்ணெய் வகையில ரோடமின் கரையாது, அதுக்கு பைரோமெத்தீன் குடும்ப சாயம் போடுவாங்க.

ஆனா எல்லாம் சுத்தமா அடிபட்டுடாது, இத சொல்லாம விட்டா தப்பு. உருண்டையான துளி தனக்குள்ளயே ஒரு கண்ணாடி அறை மாதிரி, வெளிச்சம் உள்சுவர ஒட்டி சுத்தி சுத்தி வந்து சில அலைநீளம் மட்டும் லேசராவே கிளம்பிடும், விகிதம் கெட்டுடும். சாயம் ஜாஸ்தியானா இது மோசமாகும். துளிங்க நெருக்கமா இருந்தா ஒண்ணு விட்ட வெளிச்சத்த இன்னொண்ணு முழுங்கிடும், அத திருத்த மூணாவது பட்டை ஒண்ணையும் சேத்து அளக்குறாங்க.

கேள்வி: கொதிச்சு தானே ஆவியாகுது, அப்ப கொதிநிலை தானே துளியோட சூடு? அளக்குறது எதுக்கு?

பதில்: கொதிக்காமலே ஆவியாகும்ங்க. ஈர உடம்புல காத்து பட்டா குளிருதுல்ல, அதே கதை தான், கிளம்புற ஆவி சூட்ட எடுத்துகிட்டு போகுது. வெளியிலேர்ந்து வர்ற சூடும் ஆவி எடுத்துட்டு போற சூடும் சமமாகுற வரைக்கும் துளி சூடாகும், அப்புறம் நின்னுடும், அது கொதிநிலைக்கு கீழ தான். எத்தனால் 78 டிகிரியில கொதிக்கும், எரிஞ்சுகிட்டு இருக்குற எத்தனால் துளி கூட அதுக்கு சில டிகிரி கீழயே நிக்கும். அந்த சில டிகிரி தான் முக்கியம், ஏன்னா 20லேர்ந்து 40 டிகிரிக்கு போனாலே எத்தனாலோட ஆவி அழுத்தம், அதாவது ஆவியாகி கிளம்புற உந்துதல், 3 மடங்காகுது. துளி ஆவியாகுறப்ப அதோட விட்டத்தோட வர்க்கம் நேரம் போக போக நேர்கோடா குறையும்னு ஒரு பழைய விதி இருக்கு, துளி சூடேறிகிட்டு இருக்குற ஆரம்பத்துல அது பொருந்தாது, எப்பலேர்ந்து பொருந்தும்னு அளந்தா தான் தெரியும்.

கேள்வி: இன்ஃப்ராரெட் கேமரா போதாதா?

பதில்: நடுவுல இருக்குற எரிபொருள் ஆவியே இன்ஃப்ராரெட்ட உறிஞ்சும், தானும் உமிழும், பக்கத்துல தீ எரிஞ்சா அதோட வெளிச்சமும் சேந்துக்கும். கேமராவுல விழுறதுல எவ்ளோ துளியோடதுன்னு பிரிக்க முடியாது. லேசர் முறையில நாம பாக்குற கலர விடுறது துளிக்குள்ள மாட்டிகிட்ட சாயம் மட்டும் தான்.