நாடகமா, ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் வேலையா? நடிக்க ஆசைப்படும் ஒரு டீச்சருக்குப் பதில்

கேள்வி: எனக்கு 34 வயது. சொந்த ஊர் சாத்தூர் பக்கம். தாம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். கல்லூரியில் நாடகம் போட்டிருக்கிறேன். பள்ளி ஆண்டு விழா நாடகங்களையும் நான்தான் தயார் செய்கிறேன். நடிக்க வேண்டும் என்ற ஆசை இன்னும் விடவில்லை. கணவர் தடுக்கவில்லை. பையனுக்கு 8 வயது. தோழி ஒருத்தி நாடகக் குழுவில் சேரச் சொல்கிறாள். இன்னொருத்தி, ஜூனியர் ஆர்ட்டிஸ்டாக, அதாவது கூட்டத்தில் வந்துபோகும் ஆளாக, நாலு படத்துக்குப் போனால் டைரக்டர் கண்ணில் படலாம் என்கிறாள். ஒரு கல்யாண வீட்டில் அறிமுகமான, படங்களுக்கு ஆள் அனுப்பும் கோஆர்டினேட்டர் ஒருவர், 30,000 ரூபாய் கொடுத்தால் சங்க உறுப்பினர் கார்டு எடுத்து உடனே படத்தில் போட்டுவிடுவதாகச் சொல்கிறார். எந்த வழியில் போவது? வேலையை விட வேண்டியிருக்குமா?

பதில்: முதலில் அந்த 30,000 ரூபாயைப் பேசிவிடலாம். கொடுக்காதீர்கள். படத்தில் நடிப்பவருக்குத் தயாரிப்பு நிறுவனம் பணம் தரும். இடையில் இருக்கும் ஏஜென்ட் தன் கமிஷனை அந்தச் சம்பளத்தில்தான் பிடித்துக்கொள்வார். வாய்ப்பு வருவதற்கு முன்பே உங்களிடம் காசு கேட்கிறவர், உங்கள் ஆசையை வைத்துப் பிழைக்கிறவர். கார்டு என்று அவர் சொல்வது முழுக்கக் கற்பனை இல்லை. ஜூனியர் ஆர்ட்டிஸ்டுகளுக்குச் சங்கம் உண்டு. நடிகர் சங்கம் தனியாக இருக்கிறது. திரைப்படத் தொழிலாளர்களின் இருபதுக்கும் மேற்பட்ட சங்கங்கள் சேர்ந்த சம்மேளனம்தான் ஃபெப்சி. எந்தச் சங்கத்தில் சேர்வதானாலும் அந்தச் சங்க அலுவலகத்துக்கு நேரில் போய், விதிமுறை கேட்டு, பணம் கட்டி, ரசீது வாங்க வேண்டும். கல்யாண வீட்டில் பார்த்தவர் கையில் கட்டுவதில்லை. அதோடு, கார்டு இருந்தால் அந்த வேலைக்குப் போக முடியும், அவ்வளவுதான். கார்டைப் பார்த்து யாரும் வேஷம் கொடுப்பதில்லை.

அவர் போனில் பெரிய இயக்குநர்களோடு எடுத்த படங்கள் நிறைய இருக்கும். விமான நிலையத்தில் நின்றால் யார் வேண்டுமானாலும் அப்படி எடுக்கலாம். கடைசியாக எந்தப் படத்துக்கு, எந்த மேனேஜர் வழியாக ஆள் அனுப்பினார் என்று கேளுங்கள். அந்த நிறுவனத்துக்கு நீங்களே போன் போட்டு விசாரியுங்கள். பெரும்பாலும் இந்தக் கேள்வியோடு அவர் தொடர்பு நின்றுவிடும்.

சரி, ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் வேலைக்கு வருவோம். அதை மட்டமாகச் சொல்ல எனக்கு மனசு வராது. தெருவில் நடக்கிறவர்கள் இல்லாத தெருக் காட்சியை யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் அந்த வேலையிடம் என்ன எதிர்பார்க்கலாம் என்பதில் தெளிவு வேண்டும்.

பெரும்பாலும் முந்தின நாள் சாயங்காலம்தான் ஏஜென்டிடமிருந்து போன் வரும். விடிகாலையிலேயே வரச் சொல்வார்கள். போய்ச் சேர்ந்தால் டிபன், அப்புறம் காத்திருப்பு. கல்யாண மண்டபக் காட்சி என்று வையுங்கள். உதவி இயக்குநர் ஒருவர் உங்களை நாலாவது வரிசையில் உட்கார்த்தி, பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே இருக்கச் சொல்வார். ஆனால் சத்தம் வரக்கூடாது. உதடு அசைய வேண்டும், சிரிக்க வேண்டும், காற்றுகூட வெளியே வரக்கூடாது. கையில் ஜூஸ் டம்ளர் கொடுத்தால், முதல் டேக்கில் எந்தக் கையில் பிடித்தீர்களோ அதே கையில்தான் கடைசி டேக் வரை இருக்க வேண்டும். குடித்துத் தீர்த்துவிட்டால் கண்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் இருக்க வேண்டிய தொடர்ச்சி, போய்விடும். இல்லையென்றால் பாஸிங் கொடுக்கச் சொல்வார்கள். கதாநாயகன் ஒரு குறிப்பிட்ட வரியைச் சொல்லும்போது நீங்கள் பின்னால் குறுக்கே நடந்து போக வேண்டும். அதே நடையை அதே வேகத்தில் பத்துப் பதினைந்து தடவை நடக்க வேண்டியிருக்கும்.

இதில் டைரக்டர் கண்ணில் படுவது எங்கே? அவர் மானிட்டரில் முன்னால் நிற்கும் இரண்டு பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கூட்டத்தைக் கவனிப்பது உதவி இயக்குநர்கள் வேலை. கூட்டத்தில் ஒருத்தர் தனியாகக் கண்ணில் பட்டால் பெரும்பாலும் அது திட்டு வாங்குவதற்குத்தான். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரு காட்சியில் உங்கள் முகம் தெளிவாக ரெஜிஸ்டர் ஆகிவிட்டால், அந்தப் படத்திலேயே பின்னால் ஒரு நல்ல சின்ன வேஷத்துக்கு ஆள் தேவைப்பட்டாலும் உங்களைப் போட மாட்டார்கள். மண்டபத்தில் பெண் வீட்டுக்காரராக உட்கார்ந்திருந்தவர் அடுத்த ரீலில் நர்ஸாக வர முடியாதே. இதையும் தாண்டி, வருஷக்கணக்கில் கூட்டத்தில் நின்றவரை கேரக்டர் ஆர்ட்டிஸ்டாக நினைத்துப் பார்க்க இந்தத் துறை சுலபத்தில் சம்மதிக்காது. அநியாயம்தான். ஆனால் இருக்கிற நிலைமை இதுதான்.

உங்கள் தோழி இதற்குப் பதிலாக விஜய் சேதுபதி பெயரைச் சொல்லலாம். எல்லாரும் சொல்கிறார்கள். 2004-இல் வந்த ‘எம். குமரன் சன் ஆஃப் மகாலட்சுமி’யில் பெயர்கூட இல்லாமல் வந்துபோனவர், 2010-இல் ‘தென்மேற்குப் பருவக்காற்று’ படத்தில் நாயகனானார். உண்மைதான். அந்தக் கதையில் பலர் தாண்டிப் போகும் பகுதி ஒன்று இருக்கிறது. அவர் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவில் கணக்கு எழுதும் வேலையில் சேர்ந்து, நடிகர்கள் பயிற்சி செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். சீரியலில் நடித்தார், குறும்படங்களில் நடித்தார். கூட்டத்தில் நின்றதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டால் கணக்கு தப்பாகத்தான் வரும். கணக்கு டீச்சருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் என் யோசனை: நாடகம் முதலில். ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் வேலைக்கு மே மாத விடுமுறையில் இரண்டு மூன்று நாள் மட்டும் போங்கள், அதுவும் படப்பிடிப்பு எப்படி நடக்கிறது என்று பார்ப்பதற்காக. சம்பளம் எவ்வளவு, கமிஷன் எவ்வளவு, பணம் அன்றைக்கே வருமா, ராத்திரி ஆனால் வீட்டுக்கு வண்டி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து வரும் குழுவோடு போவது நல்லது. அங்கே போனபின் ஓய்வு நேரத்தில் போனை நோண்டாமல் முன்னால் நடப்பதைப் பாருங்கள். ஒரே காட்சியை முதலில் தூரத்திலிருந்து முழுதாக எடுப்பார்கள். அப்புறம் தோளுக்குப் பின்னாலிருந்து சஜஷன் ஷாட், அப்புறம் குளோசப். ஒரு நல்ல நடிகை முதல் ஷாட்டில் எந்த வார்த்தையில் கண்ணைத் துடைத்தாரோ, இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் குளோசப்பிலும் அதே வார்த்தையில், அதே கையால் துடைப்பார். குரல் எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்றும் கவனியுங்கள். மேடைக்காரர்கள் கேமரா முன்னால் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

இனி நாடகம். சென்னையில் இதில் இரண்டு மூன்று உலகங்கள் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று அதிகம் பேசிக்கொள்வதில்லை. ஒன்று சபா நாடகம். வாணி மகால், நாரத கான சபா மாதிரி இடங்களில் நடக்கும் அமெச்சூர் குழுக்கள். இன்னொன்று, ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறையிலிருந்தும் ஞாநியின் பரீக்‌ஷாவிலிருந்தும் கிளைத்த நவீன நாடகம். மூன்றாவது, பிரளயனின் சென்னை கலைக்குழு போன்றவை நடத்தும் வீதி நாடகம். பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் எல்லாரும் கூத்துப்பட்டறையில் பழகியவர்கள். ‘பூ’ ராமு வீதி நாடகத்திலிருந்து வந்தவர். 2008-இல் ‘பூ’ படத்தில் அறிமுகமானபோது அவர் இளைஞர் இல்லை. வயதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் அவரை நினைத்துக்கொள்ளலாம். இருபது வயதுப் பெண் வேஷத்துக்குப் போட்டி பெரிசு. அக்கா, அம்மா, ஹெட்மிஸ்ட்ரஸ், இன்ஸ்பெக்டர் என்று போனால் நன்றாகப் பேசத் தெரிந்த முகங்கள் குறைவு.

எந்தக் குழு? இப்போது படங்களுக்கு ஆள் எடுப்பவர்கள் நவீன நாடகக்காரர்களைத்தான் அதிகம் தேடுகிறார்கள். உடம்பைப் பயன்படுத்தவும் சும்மா இருக்கவும் அங்கே கற்றுத் தருவார்கள். சும்மா இருப்பது லேசான விஷயமில்லை. எதிரில் ஒருவர் மூன்று நிமிஷம் பேசும்போது, தலையாட்டாமல் வெறுமனே கேட்டுக்கொண்டு நிற்கிறவர் முகத்தில் ஏதாவது நடக்க வேண்டும். டீச்சர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம். விளக்கிச் சொல்லிப் பழகிய குரலும் கையும் தானாக முன்னால் வந்துவிடும். சபா நாடகம் வேறொன்றைச் சொல்லித் தரும்: மனப்பாடமும் டைமிங்கும். சிரிப்பு எழும்பி உச்சிக்குப் போய் இறங்க ஆரம்பிக்கும் அந்த நொடியில் அடுத்த வசனத்தை விட வேண்டும். முந்தினால் வசனம் சிரிப்பில் முங்கிப்போகும், பிந்தினால் காட்சி தொய்ந்துவிடும். மேலே தொங்கும் மைக்குக்குக் கீழே இயல்பாக நகர்ந்து வந்து பேசும் வித்தையையும் அங்கேதான் பார்க்கலாம்.

உங்கள் நிலைமைக்கு எது வசதியோ அதுதான் சரி. ஒத்திகை ஒழுங்காக நடக்கிறதா, தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போய் ராத்திரி பத்து மணிக்குள் திரும்ப முடிகிறதா என்று பாருங்கள். சேர்வதற்கு முன்னால் அந்தக் குழுவின் நாடகத்தைப் போய்ப் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் கோடை நாடக விழா நடத்துகிறது. புது நாடகங்கள் வரிசையாக வரும். ஒரே வாரத்தில் பல குழுக்களைப் பார்த்துவிடலாம். பிடித்த குழு கிடைத்தால் நாடகம் முடிந்தபின் மேடைப் பக்கம் போய், “நடிக்க வாய்ப்பு கொடுங்கள்” என்று ஆரம்பிக்காதீர்கள். “ஒத்திகைக்கு வரலாமா, ஏதாவது வேலை இருந்தால் செய்கிறேன்” என்று சொல்லுங்கள். முதலில் பிராம்ப்ட் செய்ய, அதாவது வசனம் மறந்தவருக்கு எடுத்துக்கொடுக்கச் சொல்வார்கள், சாமான் எடுத்து வைக்கச் சொல்வார்கள். பிராம்ப்ட் செய்கிறவருக்கு எல்லாருடைய வசனமும் தெரியும். ஒருநாள் யாருக்காவது காய்ச்சல் வரும்.

பயிற்சிப் பட்டறைக்குக் கட்டணம் வாங்குவதில் தப்பில்லை, கற்றுத் தருகிறார்கள். பயிற்சி முடிந்தால் படத்தில் வாய்ப்பு நிச்சயம் என்று சேர்த்துச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டு நாடகம் மேடையேறிய பிறகு கேமராப் பக்கம் திரும்பலாம். தரமணியில் எம்.ஜி.ஆர். திரைப்பட நிறுவனம் இருக்கிறது, லயோலாவில் விஷுவல் கம்யூனிகேஷன் துறை இருக்கிறது. மாணவர்கள் குறும்படம் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்கு நடிக்க நண்பர்கள் கிடைப்பார்கள், அம்மா கிடைக்க மாட்டார்கள். இருபத்தொரு வயதுப் பையன் தன் தோழிக்கு நரை பூசி அம்மா ஆக்கும் கொடுமை வருஷாவருஷம் நடக்கிறது. நீங்கள் போனால் வரவேற்பு நிச்சயம். பணம் இருக்காது, சாப்பாடு இருக்கும். ஆனால் உங்கள் முகம் திரையில் எப்படி இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். ஒத்துக்கொள்ளும்போதே, முடிந்த படத்தின் பிரதி தர வேண்டும் என்று பேசிவிடுங்கள். இல்லையென்றால் அது யாருடைய ஹார்ட் டிஸ்க்கிலோ தூங்கும்.

அனுப்பி வைக்க ஒரு புரொஃபைல் வேண்டும். இதற்கு ஸ்டுடியோவில் பணம் கொட்டத் தேவையில்லை. மேக்கப் இல்லாமல் ஜன்னல் வெளிச்சத்தில் நாலு படம்: முகம் நேராக, இரண்டு பக்கவாட்டு, ஒரு முழு உருவம். ஒரு நிமிஷ அறிமுக வீடியோ, ஒரு நிமிஷ நடிப்பு இரண்டு. போனைப் படுக்கை வாட்டில், கண் மட்டத்தில் வையுங்கள். ஃபேனை நிறுத்துங்கள், அதன் இரைச்சல் குரலைத் தின்றுவிடும். பிரபலமான படத்து வசனத்தைப் பேசிக் காட்டாதீர்கள். அதை முதலில் பேசியவர்தான் பார்க்கிறவர் நினைவுக்கு வருவார். ஒரு நடிப்பை உங்கள் ஊர்ப் பேச்சிலேயே செய்யுங்கள். கரிசல்காட்டுப் பேச்சு தானாக வருகிற நடிகை ஒருவர் தேவைப்படும்போது, சென்னையில் பயிற்சி எடுத்தவர்கள் பேசுவதைக் கேட்டு அந்தப் பக்கத்துக்காரர்கள் நெளிகிறார்கள். இத்தனை வருஷம் வகுப்பறையில் அந்தப் பேச்சை ஒதுக்கி வைத்திருப்பீர்கள். இனி வீட்டிலாவது பேசிக்கொண்டிருங்கள்.

ஆடிஷன் என்று கூப்பிட்டால் இடம் அலுவலகமா என்று கேளுங்கள். ஹோட்டல் அறை, ராத்திரி நேரம், “தனியாக வாருங்கள்” என்றால் போக வேண்டாம். முதல் தடவை கணவரையோ தோழியையோ கூட்டிப் போவதில் கூச்சம் எதற்கு? உண்மையான ஆபீஸில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள்.

வேலையை விடாதீர்கள். தமிழ் நாடக உலகத்தைத் தாங்கியதே ஆபீஸ் வேலை பார்த்தவர்கள்தான். இயக்குநர் கே. பாலசந்தர் ஏஜி ஆபீஸில் (அக்கவுன்டன்ட் ஜெனரல் அலுவலகம்) வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர், நாகேஷ் ரயில்வே குமாஸ்தா, டெல்லி கணேஷ் விமானப்படையில் இருந்தவர். மாதச் சம்பளம் கையில் இருந்தால் பிடிக்காத வேஷத்தை வேண்டாம் என்று சொல்ல முடியும். நடிப்பில் வரும் பணம் தொடர்ந்து ஒரு வருஷம் உங்கள் வீட்டு வாடகையைக் கட்டினால் அப்போது வேலையைப் பற்றி மறுபடி யோசியுங்கள்.

ஆனால் உங்கள் பள்ளி வேலை உத்தரவை எடுத்து ஒருமுறை படித்துவிடுங்கள். வெளிவேலை செய்யக் கூடாது என்ற நிபந்தனை சில தனியார் பள்ளிகளில் இருக்கும். நாடகத்துக்குப் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். படமோ சீரியலோ என்றால் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பெற்றோர் டிவியில் பார்த்துவிட்டுப் போன் போட்ட பிறகு விளக்கிக்கொண்டிருப்பதைவிட இது சுலபம்.