தாத்தா சொன்ன '99 வெள்ளம்' எந்த வருடம்?

'99 வெள்ளத்தில் மூணாறு ரயில் போனது' என்று தாத்தா சொன்னதாகவும், தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். அது 1924. உங்கள் தாத்தா கதை விடவில்லை; மூணாறில் ரயில் ஓடியது, அந்த வெள்ளத்தோடு போனது, இரண்டும் உண்மை. நீங்கள் 1999 செய்திகளில் தேடியதால்தான் ஒன்றும் கிடைக்கவில்லை.

அவர் சொன்னது கொல்லம் ஆண்டு, அதாவது கேரளத்து மலையாள ஆண்டு, 1099. மலைப்பக்கம் பெரியவர்கள் முன்னால் உள்ள இரண்டு இலக்கத்தை விழுங்கிவிட்டுத்தான் பேசுவார்கள். ஜூலை நடுவில், ஆடி பிறக்கிற சமயத்தில் பிடித்த மழை அது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை குண்டளை வழியாகப் போன சின்ன ரயில் பாதை சிதைந்தது. அப்புறம் யாரும் அதைத் திரும்பப் போடவில்லை. அந்தக் காலத்தில் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் மலையடிவாரக் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகப் போனது.

வீட்டில் பழைய பத்திரம் இருந்தால் ஆண்டைப் பாருங்கள். நான்கு இலக்கத்தில் 10 அல்லது 11 என்று தொடங்கினால் கொல்லம் ஆண்டுதான். 825 கூட்டுங்கள், ஆங்கில ஆண்டு கிடைக்கும். புது ஆண்டு ஆவணியில் பிறப்பதால், ஆவணி முதல் டிசம்பர் வரை உள்ள தேதிக்கு மட்டும் 824.

ஒன்று, "நானே பார்த்தேன்" என்று தாத்தா சொல்லியிருந்தால் அவர் வயதைக் கணக்குப் போடுங்கள். 1961லும் கேரளத்தில் பெரிய வெள்ளம் வந்தது, இரண்டும் கலந்திருக்கலாம்.